வைன் இல்லாமல் ஃபொண்டூ: வன்னியில இருபது பேருக்குச் செய்யலாமோ?

கேள்வி, மாங்குளத்திலயிருந்து ஒரு வாசகி. 06.07.2024

ஓகஸ்ட் முதல் கிழமை அண்ணா குடும்பம் சுவிஸிலயிருந்து வருகினம். பிள்ளையள் ரெண்டும் "அத்தை, உங்கட வீட்டில ஃபொண்டூ செய்வமோ" எண்டு வாட்ஸ்அப்பில கேட்டபடி. உருக்கின சீஸில பாணைத் தொட்டுச் சாப்பிடுற அந்தச் சுவிஸ் சாப்பாடுதான். சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்தால் இருபது பேர் வரும். வைன் ஊத்தாட்டில் சீஸ் திரண்டு போகும், அது ஃபொண்டூவே இல்லை எண்டு அண்ணி சொல்லுறா. எங்கட வீட்டில அம்மா இருக்கிறா, குடிவகை படலை தாண்டாது. அதுக்கெண்டு இருக்கிற சட்டி, அடுப்பு, முள்ளுக்கரண்டி ஒண்டும் என்னட்ட இல்லை. செய்யலாமோ, இல்லாட்டில் பிள்ளையளுக்கு வேற ஏதும் சொல்லிச் சமாளிக்கிறதோ?

06.07.2024, இரவு

செய்யலாம். வைன் வேண்டாம்.

நான் சுவிஸின்ர ஃபிறிபூர் மாநிலத்தில ஒரு உணவகக் குசினியில கன வருசம் நிண்டு வேலை செய்தனான், இப்ப கிளிநொச்சியில இருக்கிறன். அந்த ஃபிறிபூர்க்காரரே தங்கட ஊர் ஃபொண்டூவை வைன் இல்லாமல்தான் செய்வினம். வஷ்றன் எண்ட அவையின்ர சீஸ் மட்டும், அதோட தண்ணி. பாணைவிட அவிச்ச உருளைக்கிழங்கைத்தான் அதில கூடுதலாத் தொட்டுச் சாப்பிடுவினம். உங்கட அண்ணி சொல்லுறது மற்ற வகை: பாதி குறுயேர் எண்ட இறுகின சீஸ், பாதி வஷ்றன், அதுக்குத்தான் வெள்ளை வைன் ஊத்துறது. நெவ்ஷற்றேல் பக்கம் போனால் குறுயேரும் எமென்ரால் எண்ட சீஸும். ஊருக்கொரு சேர்மானம். ஒண்டு சரி, மற்றது பிழை எண்டில்லை.

அம்மாவை முன்னுக்கு வைச்சு யோசிச்சிருக்கிறியள், அதுதான் சரியான இடம். மிச்சத்தை நாளைக்கு எழுதுறன்.

07.07.2024

வைன் அதுக்குள்ள என்ன வேலை செய்யுது எண்டு விளங்கினால், அதுக்குப் பதில் எங்கட வளவிலயே நிக்குது எண்டதும் விளங்கும்.

சீஸில இருக்கிற கேசீன் எண்ட புரதத்தைக் கல்சியம்தான் ஒண்டோட ஒண்டாப் பிணைச்சு வைச்சிருக்குது. சும்மா சூடாக்கினால் கொழுப்பு உருகி வெளியில வந்திடும், புரதம் தன்பாட்டில இறுகித் திரளும். மேல எண்ணெய், கீழ றப்பர். புளிப்பு உள்ள ஒண்டைச் சேர்த்தால், அந்த அமிலம் கல்சியத்தில ஒரு பங்கைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். பிணைப்புத் தளர்ந்த புரதம் தண்ணியையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடிச்சு வைச்சிருக்கும். வைனில இந்த வேலையைச் செய்யிறது முக்கியமாத் தாட்டாரிக் அமிலம்.

எங்கட பழப்புளியின்ர புளிப்பும் அதே தாட்டாரிக் அமிலந்தான். வைனுக்குப் பிழியிற முந்திரிகைப் பழத்தில இருக்கிறதும் புளியங்காயில இருக்கிறதும் ஒரே சாமான். ஏ-9 வீதியோரம் எத்தினை புளியமரம் நிக்குது எண்டு எண்ணிப் பாருங்கோ. தேசிக்காயில இருக்கிறது சிற்றிக் அமிலம். கல்சியத்தைப் பிடிக்கிறதில அது இன்னும் கெட்டிக்காரன். வைன் ஊத்துற சுவிஸ்காரரும், பதம் பிழைக்கப்போகுது எண்டால் தேசிக்காய்த் தண்ணிதான் விடுவினம்.

அதால என்ர யோசனை: மெல்லிய புளித்தண்ணி, கடைசியில கொஞ்சம் தேசிக்காய்.

கோன்ஃபிளவர் மாவும் வேணும். மா தண்ணியைத் தடிப்பாக்கி, புரதமும் கொழுப்பும் பிரிஞ்சு ஓடாமல் மறிச்சு வைச்சிருக்கும்.

07.07.2024, பின்னேரம்

அளவு கேட்டிருக்கிறியள். ஒரு கிலோ சீஸுக்கு:

தண்ணி 400 மில்லிலீற்றர். அதில சின்ன நெல்லிக்காய் அளவு பழப்புளி கரைச்சு வடிச்சுக் கொள்ளுங்கோ. இந்த வருசப் புளியா இருக்கட்டும், பழைய புளி கறுப்பாக்கிப் போடும். கோன்ஃபிளவர் இரண்டரை மேசைக்கரண்டி. உள்ளி ரெண்டு பல்லு. மிளகுதூள், கொஞ்சம் சாதிக்காய். தேசிக்காய் பாதி. உப்புப் போடாதையுங்கோ, சீஸிலயே காணும்.

சுவிஸில ஃபொண்டூ மட்டும் சாப்பிடுற நாளில ஆளுக்கு 200 கிறாம் கணக்கு. உங்கட வீட்டில எப்பிடியும் சோறு, கறி, கோழிப் பொரியல் எல்லாம் இருக்கும். ஆளுக்கு 100 கிறாம் வைச்சால் இருபது பேருக்கு ரெண்டு கிலோ. அதை ரெண்டு சட்டியாப் பிரியுங்கோ. ஒரே பெரிய சட்டியில போட்டால் அடி சுட, மேல ஆறும்.

10.07.2024

சீஸ். காசு செலவழிக்கிறதெண்டால் இதிலதான். செற், முள்ளு, வைன் எல்லாம் இல்லாமல் சமாளிக்கலாம், நல்ல சீஸ் இல்லாமல் சமாளிக்கேலாது.

அண்ணாவை ஒரு கிலோ குறுயேராவது கொண்டுவரச் சொல்லுங்கோ. இறுகின சீஸ், காத்துப் போகாமல் பொதி செய்து வரும், பயணத்தைத் தாங்கும். வஷ்றன் இளக்கமானது, குளிர் வேணும், அதை விடுங்கோ. சுங்கத்தில என்ன விடுவினம் எண்டதை அண்ணாவே விசாரிக்கட்டும். ஒரு கவனம்: அங்க சுப்பர்மார்க்கற்றில கலந்தபடி விக்கிற ஃபொண்டூப் பைக்கற்றுகளில பெரும்பாலும் வைன் கலந்திருக்கும், கனத்தில கிர்ஷ் எண்ட செரிப்பழச் சாராயமும் இருக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் அது உங்கட சட்டிக்குள்ள வந்திடும். கட்டியாச் சீஸ் எண்டு சொல்லிக் கேளுங்கோ.

இங்க வாங்கிறதெண்டால் கௌடா நல்லா உருகும். செடார் எண்டால் இளசு பாத்து எடுங்கோ, முதிர்ந்தது கெதியில எண்ணெய் கக்கும். மொஸரெல்லா நூலா இழுபடுமே தவிர தொட்டுச் சாப்பிடப் பதமில்லை. இவற்றோட நாலில ஒரு பங்கு சாதாரண முக்கோணச் சீஸ், இல்லாட்டில் சிலைஸ் சீஸ் சேர்க்கலாம். சிலர் அதை மட்டமாப் பாக்கினம். ஆனா அந்தப் பதப்படுத்தின சீஸ் பிறந்ததே சுவிஸின்ர தூண் நகரத்தில. 1911இல கேர்பர், ஸ்ரெற்லர் எண்ட ரெண்டு பேர் எமென்ரால் சீஸைச் சோடியம் சிற்றேற் எண்ட உப்போட உருக்கித்தான் அதைச் செய்தவை. புளிப்பு எங்கட சட்டியில செய்யிற வேலையை அந்த உப்பு முன்கூட்டியே செய்து வைச்சிருக்கும். கொஞ்சம் சேர்த்தால் முழுச் சட்டிக்கும் அது காவல்.

10.07.2024, இரவு

பரந்தனிலயிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: எங்கட வீட்டிலயே மாடு நிக்குது, பாலைக் காய்ச்சித் தேசிக்காய் விட்டுத் திரிச்சு அந்தக் கட்டியை உருக்கேலாதோ எண்டு.

உருகாது, தம்பி. கொதிக்கிற பாலில புளிப்பு விட்டுத் திரிச்ச கட்டியை எவ்வளவு சூடாக்கினாலும் அது தண்ணி விட்டு இறுகுமே ஒழிய இளகாது. பனீர் கறிக்குள்ள துண்டாவே கிடக்கிறதும் அதாலதான். உருகிற சீஸுக்குப் பாலை உறைய வைக்கிறது றெனெற் எண்ட நொதியம். உங்கட பாலை நல்ல தயிராக்கிப் பனங்கட்டியோட குடுங்கோ. விருந்தின்ர கடைசியில அதுக்குத்தான் அடிபடுவினம்.

11.07.2024

றெனெற் எண்டு எழுதினாப்பிறகு நித்திரை வரேல்லை. இதைத் தனியாச் சொல்லவேணும்.

குறுயேருக்குப் பாவிக்கிற றெனெற் கண்டுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிறது. அந்தச் சீஸின்ர விதிமுறையே அப்பிடி. சைவம் சாப்பிடுற ஆக்கள் பந்தியில இருந்தால் அவைக்கு இதைச் சொல்லிப்போட்டுத்தான் குடுக்கவேணும். "பால்தானே" எண்டு சொல்லி ஊட்டிப்போட்டுப் பிறகு தெரியவந்தால், சாப்பிட்ட ஆளுக்கு அதில இருக்கிற நோவு வேற. ஆடி மாசம் வேற, ஆடிச் செவ்வாய், ஆடி வெள்ளி எண்டு விரதகாரர் இருப்பினம்.

நுண்ணுயிரில இருந்து எடுத்த றெனெற்றில செய்த சீஸும் இருக்கு. பைக்கற்றில எழுதியிருப்பினம், கண்ணாடியைப் போட்டு வாசியுங்கோ. என்ர வழி: சைவக்காரருக்கெண்டு ஒரு சின்னச் சட்டி, அந்தச் சீஸில மட்டும். அகப்பையும் வேற. வெள்ளிக்கிழமை விருந்து வையாதையுங்கோ.

14.07.2024

சட்டி பற்றி. சுவிஸ்காரர் கக்லோன் எண்டு சொல்லுற அந்தத் தடிச்ச பாத்திரம் பழைய முறையில மண்ணாலதான் செய்யிறது. மண் மெல்லச் சூடாகும், மெல்லத்தான் ஆறும், அடி ஒரு இடத்தில கொதிக்காது. உங்கட குசினியில இருக்கிற மண்சட்டி காணும். வாய் அகண்டு, அடி தடிச்சதாப் பாருங்கோ. மீன்கறி வைச்ச சட்டி வேண்டவே வேண்டாம், கழுவினாலும் மண் அந்த மணத்தை விடாது. புதுச்சட்டி வாங்கி, அரிசி கழுவின தண்ணி விட்டுக் கொதிக்க வைச்சு, தேங்காயெண்ணெய் தடவி நல்லாப் பழக்கிப்போட்டு எடுங்கோ. விருந்துக்கு ஒரு கிழமைக்கு முன்னமே பழக்கத் தொடங்கினால் நல்லது.

நெருப்பு: சின்ன மெழுகுதிரி விளக்குகள் சொக்லேற்றுக்குத்தான் காணும், சீஸுக்குக் காணாது. நான் சிரட்டைக்கரி பிடிப்பிச்சு, சாம்பல் பூத்தாப்பிறகு ஒரு பழைய சட்டிக்குள்ள போட்டு, மூண்டு கல்லு வைச்சு மேல சட்டியை இருத்துறனான். முத்தத்தில மட்டும். கதவு சாத்தின அறைக்குள்ள தணல் வைக்கிறது உயிராபத்து. இப்ப சோளகம் அடிக்கிற காலம், தணலைச் சுற்றித் தகரத் துண்டாலையாவது மறைப்பு வேணும். இல்லாட்டில் ஒரு பக்கம் எரிஞ்சு மறுபக்கம் அவியும். சீஸுக்குள்ள புழுதியும் விழும். மாங்குளத்துச் செம்புழுதி எப்பிடியெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முள்ளுக்கு மூங்கில் குச்சி. சீவின கூர் வாயில குத்தும், நுனியைக் கொஞ்சம் மழுக்கி விடுங்கோ.

15.07.2024

முள்ளியவளையிலயிருந்து ஒராள்: "வைன் வேண்டாமெண்டால் பனங்கள்ளு விடலாமே?"

குடிக்கிற வீட்டில விட்டுப் பாக்கலாம். ஆனா புளிச்ச கள்ளில இருக்கிறது பெரும்பாலும் லக்ரிக், அசெற்றிக் அமிலங்கள். கல்சியத்தைப் பிடிக்கிறதில அவை சிற்றிக் அளவுக்கு வராது, எப்பிடியும் தேசிக்காய் தேவைப்படும். கள்ளின்ர மணமும் சூட்டில எழும்பிச் சீஸை மூடிப்போடும். நான் இங்க அயலவையோட சேர்ந்து செய்து பாத்தனான். கூட்டாளிமார் நல்லாயிருக்கெண்டவை, எனக்குப் பிடிக்கேல்லை. கள்ளைக் கள்ளாவே குடிக்கட்டும்.

20.07.2024

இண்டைக்குப் பின்னேரம் வேணுமெண்டே ஒரு சின்னச் சட்டியைத் திரள விட்டனான். குசினியில கூட நிண்ட மருமகளுக்குக் காட்டுறதுக்கு. உங்களுக்கும் எழுதிவைக்கிறன், இருபது பேர் சுத்தி நிக்கேக்க இதுதான் கை குடுக்கும்.

முதல்ல நல்லபடியாச் செய்தம். உள்ளியை வெட்டின பக்கத்தால சட்டியின்ர உள்சுவர் முழுக்கத் தேய்ச்சு, மிச்சத்தை நசிச்சு உள்ள போட்டம். புளித்தண்ணி சூடாகி ஆவி வரத் தொடங்கேக்க நெருப்பைக் குறைச்சம். சீஸை முன்னமே துருவி, கோன்ஃபிளவரில பிரட்டி வைச்சிருந்தது. ஒரு பிடி போட்டு, அது முழுக்கக் கரைஞ்சாப்பிறகுதான் அடுத்த பிடி. மர அகப்பையால எட்டு எண்ட இலக்கம் போடுறமாதிரிக் கிண்டவேணும், அப்பத்தான் நடுவும் கரையும் ரெண்டும் அசையும். முதல் கொஞ்ச நேரம் தண்ணி வேற, சீஸ் வேறயாத்தான் நிக்கும். பயந்து நெருப்பைக் கூட்டாதையுங்கோ. திடீரெண்டு ஒரு கட்டத்தில அகப்பை பாரமாகும், கிண்டின தடம் மூடுறதுக்கு ஒரு கணம் எடுக்கும். அகப்பையின்ர முதுகில படையா ஒட்டி நிண்டால் பதம் வந்திட்டுது.

பிறகு நெருப்பைக் கூட்டினம். முதல்ல ஓரத்தில ஒரு கொப்புளம் வெடிச்சுது. அதுக்குப் பிறகு சட்டியின்ர விளிம்போட ஒட்டி மெல்லிய மஞ்சள் வளையம். அந்த எண்ணெய் வளையந்தான் எச்சரிக்கை. அதையும் தாண்ட விட்டம். வளையம் அகண்டு, நடுவில சீஸ் மணல்மணலாகி, பிறகு ஒரு உருண்டையா அகப்பையில ஏறிச்சுது.

மீட்கிற வழி: சட்டியை இறக்குங்கோ. ஒரு தேக்கரண்டி கோன்ஃபிளவரைத் தேசிக்காய்ப்புளியில கரைச்சு, ரெண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணியோட சேர்த்து விட்டு, முட்டை அடிக்கிற கம்பியால அடியுங்கோ. ஒரு நிமிசத்துக்கு ஒண்டும் நடக்காது. அடிச்சபடியே இருங்கோ. மருமகள் கைசோர்ந்து என்னட்டத் தந்த நேரம் உருண்டை உடைஞ்சு திரும்பவும் வழுவழுப்பாச்சுது. உருண்டை கட்ட முன்னம், வளையத்தைக் கண்ட உடனயே செய்தால் அரைவாசிப் பாடுதான்.

21.07.2024

நேற்றைய சட்டியில புளியின்ர நிறம் தெரிஞ்சுது, லேசான பழுப்பு. முதல் சொன்ன நெல்லிக்காய் அளவில இன்னும் கொஞ்சம் குறைச்சு, தேசிக்காயைக் கூட்டலாம் எண்டு இப்ப படுது. சுவிஸ் பிள்ளையள் வெளிர்மஞ்சளாப் பாத்துப் பழகினவை. ருசியில குறை இல்லை. பழப்புளி ஒரு ஆழத்தைக் குடுக்குது, தேசிக்காய் மட்டும் விட்டால் அது கிடைக்காது.

23.07.2024

எச்சில் பற்றிக் கேட்டவைக்கு. ஒரே சட்டியில எல்லாரும் தொட்டுச் சாப்பிடுறதை எங்கட பெரியாக்கள் ஏற்கமாட்டினம், அவையை வற்புறுத்தக் கூடாது. சுவிஸிலயும் ஒழுங்கு இருக்கு: முள்ளு உதட்டில, நாக்கில படாமல் பல்லால பாணை இழுத்தெடுக்கிறது. பிள்ளையளுக்கு அதைப் பழக்கலாம். பெரியாக்களுக்குச் சின்னக் கிண்ணத்தில அகப்பையால ஊத்திக் குடுங்கோ. கிண்ணத்தைச் சுடுதண்ணியில கழுவித் துடைச்ச சூட்டோட ஊத்தினால் கெதியில இறுகாது. இங்கத்த வெக்கையும் உதவி செய்யும்.

சின்னப் பிள்ளையள் தணலுக்குக் கிட்ட வராமல் ஒராளை நிறுத்துங்கோ. உருகின சீஸ் தோலில பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும், தண்ணியைப்போல வழிஞ்சு போகாது.

24.07.2024

தொட்டுச் சாப்பிட: முதல்நாள் றோஸ் பாண். அண்டைக்குச் சுட்ட பாண் நொந்து சட்டிக்குள்ள விழும். ஒவ்வொரு துண்டிலயும் கரை இருக்கிறமாதிரி வெட்டி, பஞ்சில குத்தி, கரையால குச்சி வெளிவரவேணும். அவிச்ச உருளைக்கிழங்கு. அவிச்ச மரவள்ளி இதுக்கெண்டே பிறந்தது, நார் எடுத்துப்போட்டுத் துண்டாக்குங்கோ. புழுக்கொடியலை ஊறவைச்சுத் தொட்டுப் பாத்தன், மெல்லுறதுக்குள்ள சீஸ் போயிடும், வேண்டாம். பக்கத்தில வினாகிரியில ஊறின சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும். கொழுப்பை வெட்ட அது கட்டாயம் வேணும்.

குடிக்க பிளேன்ரீ. சுவிஸிலயும் வைன் குடியாத ஆக்கள் தேத்தண்ணிதான். ஃபொண்டூவோட வைன் குடிச்சால் சமிக்கும் எண்டு ஒராள் எழுதியிருந்தார். சூரிச் ஆய்வாளர் இதைச் சோதிச்சு, 2010இல பிரித்தானிய மருத்துவ இதழில எழுதியிருக்கினம்: மதுவோட சாப்பிட்டால் இரைப்பை வெறுமையாக இன்னும் கூட நேரம் எடுக்குதாம். அம்மாவின்ர கட்சி வெண்டிட்டுது.

26.07.2024

"உது அவங்கட ஆதிகாலப் பாரம்பரியம், நாங்கள் ஏன் மாத்திறது" எண்டு கேட்டவருக்கு. உருக்கின சீஸும் வைனும் 1699இல சூரிச்சில எழுதின சமையல் குறிப்பிலயே இருக்கு, பழசுதான். ஆனா முழு நாட்டுக்கும் தேசிய உணவா அதைப் பரப்பினது 1930களில சுவிஸ் சீஸ் யூனியன். சீஸ் விக்கவேணும் எண்டதுக்காக ஊர் ஊராக் கொண்டுபோனவை. 1999 வரைக்கும் இருந்த அமைப்பு அது. ஒரு ஊரின்ர சாப்பாடு இன்னொரு ஊருக்குப் போய் அங்கத்த சட்டியில வேகிறது அங்கயே நடந்த காரியந்தான். புளித்தண்ணி விட்டால் மரியாதைக் குறைவு எண்டு நான் நினைக்கேல்லை.

05.08.2024

மாங்குளத்து வாசகி எழுதியிருக்கிறா, விருந்து நல்லா முடிஞ்சுதாம். கரண்ட் நிண்ட நேரத்தில சீஸை ஐஸ்பெட்டியில வைச்சுக் காப்பாத்தினவையாம். பெரியவன் "இது வீட்டில செய்யிறதைவிடப் புளிப்பு" எண்டு சொல்லிக்கொண்டே சட்டி வழிச்சானாம். அண்ணி புளித்தண்ணி அளவு எழுதி எடுத்தவவாம். அம்மா தன்ர சின்னச் சட்டியில மரவள்ளியைத் தொட்டு ரெண்டு துண்டு சாப்பிட்டுப்போட்டு, "எனக்கு இது காணும், தயிரைத் தா" எண்டவவாம். ரெண்டு துண்டே பெரிய காரியம். சந்தோசம் பிள்ளை.

அடியில பிடிச்சதை என்ன செய்யிறது எண்டு கேட்டிருக்கிறியள். அதை எறியாதையுங்கோ! சட்டியில சீஸ் முடியிற நேரம் அடியில பொன்னிறமா ஒரு தட்டு இறுகும். கத்தி நுனியால கிளப்பினால் ஒரே அப்பளமா வரும். றெலிஜியூஸ் எண்டு அவையள் அதுக்கொரு பேரே வைச்சிருக்கினம், ஃபிறிபூரில அதுக்குப் பெரியாக்களே சண்டை பிடிப்பினம். மண்சட்டியில அது இன்னும் நல்லா வரும்.

06.08.2024

மிஞ்சின சீஸ்: ஆறினால் கட்டியாகும், அதில பயமில்லை. மூடிக் குளிரூட்டியில வைச்சு, அடுத்தநாள் பாண் துண்டில தடிப்பாப் பூசி, பச்சைமிளகாய் அரிஞ்சு தூவி, தோசைக்கல்லில மூடிபோட்டுச் சுடுங்கோ. திரும்பவும் உருக்கித் தொட்டுச் சாப்பிடவேணுமெண்டால் ரெண்டு மேசைக்கரண்டி தண்ணியும் சில துளி தேசிக்காயும் விட்டு, முதல்நாளைவிடக் குறைஞ்ச நெருப்பில. மூண்டாம் நாள் வைச்சிருக்காதையுங்கோ, இந்த வெக்கைக்குக் கூடாது.